ஜெயசுதா பார்த்துக் கொடுத்த டயர்

ஜெயசுதாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டி ஓட்டுவாள், அதுவும் முள் முப்பதைத் தாண்டினால் முகம் வெளிறிவிடும். வடக்கனந்தலில் பிறந்து வடக்கனந்தலிலேயே வாழ்க்கைப்பட்டவள். கண்ணெதிரே நிற்கிற கல்வராயன் மலைக்கு இந்த நாற்பத்தொரு வயதில் இரண்டே தடவைதான் போயிருக்கிறாள். இரண்டு தடவையும் பஸ்ஸில், எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு. இப்படிப்பட்டவளிடம்தான் சுற்றுவட்டாரத்தில் டிராக்டர்காரர், வேன்காரர், புதுக் கார் வாங்கியவர் எல்லாரும் வந்து எந்த டயர் போடலாம் என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

கடை கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் இருக்கிறது. புருஷன் வெற்றிவேல் முன்பு கள்ளக்குறிச்சியில் ஒரு டயர் கடையில் மெஷின் வேலை பார்த்தவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் சொந்தக் கடை போட்டபோது, கல்லாவில் உட்கார ஆள் வேண்டுமே என்று ஜெயசுதாவை உட்கார வைத்தார். சும்மா உட்கார்ந்திருப்பது அவள் சுபாவத்துக்கு ஒத்துவராது. அடுக்கி வைத்திருந்த டயர்களின் பக்கவாட்டில் என்னென்னமோ எழுத்தும் எண்ணும் இருந்தன. ஒவ்வொன்றாகப் படித்தாள். சேலத்திலிருந்து சரக்கு கொண்டுவரும் அன்புச்செல்வனைப் பிடித்து, இது எதற்கு, அது எதற்கு என்று அவன் அலுத்துப்போகும்வரை கேட்டாள். ஒரு வருஷத்தில் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் அவளுக்கும் தெரிந்துபோயிற்று. இரண்டாவது வருஷத்திலிருந்து அவன் அவளிடம் கேட்க ஆரம்பித்தான்.

வருகிற ஆம்பிளைகள் முதலில் அவள் தலைக்கு மேலாகப் பார்த்து, "அண்ணன் இல்லியா?" என்பார்கள்.

"இருக்காரு. அவரு மாட்டுவாரு. எத மாட்டணும்னு நான்தான் சொல்லுவேன்" என்பாள் ஜெயசுதா. கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்ததும் உண்டு.

அவளுக்கு ஒரே ஒரு குறை. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "எத்தினி கிலோமீட்டர் வரும்?" டயர் என்றால் தேயக்கூடாது, அவ்வளவுதான் இந்த ஊருக்கு. மழையில் நிற்குமா, பிரேக் அடித்தால் பிடிக்குமா என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அதைக் கேட்ட முதல் ஆள் டாக்டர் சுபஸ்ரீதான்.

சுபஸ்ரீ கடலூர்க்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கல்வராயன் மலை மேலே வெள்ளிமலையில் டாக்டர் வேலை, குடியிருப்பது கீழே கள்ளக்குறிச்சியில். தினமும் மலை ஏறி இறங்க வேண்டும். அதற்கு ஒரு சின்ன வண்டி போதும் என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல், பெங்களூரில் யாரோ வைத்திருந்த சாம்பல் நிறக் காரைத் தேடிப் பிடித்து வாங்கியிருந்தார். வெளியே பார்க்கச் சாதாரணம். உள்ளே இருக்கிற இன்ஜின் இருநூறு குதிரைக்குச் சமம் என்று வெற்றிவேல் வாயைப் பிளந்தார். ஏன் இப்படி ஒரு வண்டி என்று கேட்டதற்கு, "எனக்குப் பிடிக்கும், அண்ணா" என்றார் டாக்டர். அந்தப் பதில் ஜெயசுதாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஐப்பசி மழை தொடங்கிய வாரம் அது. பழைய டயர் நாலும் மொட்டையாகப் போய்க்கொண்டிருந்தன.

"எவ்ளோ நாள் உழைக்கும்னு எனக்குக் கவலை இல்லக்கா. மழையில, மலை வளைவுல, ரோட்ட விடாமப் பிடிக்கணும். அது மாதிரி எது இருக்கு?"

ஜெயசுதா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். பன்னிரண்டு வருஷமாகக் காத்திருந்த கேள்வி. டாக்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

"இது பாருங்க, பெரிய பெரிய பட்டனா இருக்குதா? பார்த்தா இதுதான் பிடிக்கும்னு தோணும். பசங்க இதத்தான் கேக்கறாங்க. இது சேத்துக்கு டாக்டரம்மா. தார் ரோட்டுல, உங்க வேகத்துக்கு, பட்டன் ஆடும். இது இன்னொண்ணு, கல்லு மாதிரி. அறுபதாயிரம் ஓடும், ஆனா ஈரத்துல வழுக்கும். உங்களுக்கு மெத்து ரப்பர் வேணும். இதோ, இந்த நம்பர் கம்மியா இருந்தா ரப்பர் மெத்துன்னு அர்த்தம். சீக்கிரம் தேயும், ஆனா ரோட்ட விடாது. நடுவுல தண்ணி ஓடறதுக்கு வாய்க்கா மாதிரி நாலு கோடு இருக்குது பாருங்க. அதான் மழைக்கு."

கடையில் அந்த ரகம் இல்லை. அன்புச்செல்வனுக்குப் போன் போட்டாள். அவன் கொண்டுவந்த முதல் நாலையும் திருப்பி அனுப்பினாள். டயரில் எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்று நாலு எண் இருக்கும். அது இரண்டரை வருஷத்துக்கு முந்தியது. "குடோன்ல கெடந்து இறுகிப்போனத எங்கிட்ட தள்ளாத அன்பு" என்றாள். அடுத்த வாரம் புதுச் சரக்கு வந்தது. கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தாள். நகம் இறங்கி, விட்டதும் மெல்ல மேலே வந்தது. அவளுக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை மதியம் வெற்றிவேல் நாலையும் மாட்டி, பேலன்ஸ் பார்த்து முடித்தார். பிறகு ஜெயசுதாவின் முறை. இந்தக் கடையில் புது டயர் போட்டால் பூஜை இல்லாமல் வண்டி வெளியே போகாது. கோயிலுக்கு முன்னால் நிற்கிற வண்டி மாதிரி டயர் மின்ன வேண்டும். ஸ்பாஞ்சில் டயர் பாலிஷை ஊற்றி, பக்கவாட்டில் மட்டுமல்ல, ரோட்டைத் தொடுகிற முகத்திலும் ஒரு இடம் விடாமல் அவளே தன் கையால் பூசுவாள். அப்புறம் மஞ்சள், குங்குமம், கற்பூரம், நாலு டயருக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம். டாக்டரின் வண்டி மேல் இருந்த பிரியத்தில் அன்றைக்கு இரண்டு கை கூடவே பூசினாள்.

"மொத நூறு கிலோமீட்டர் ஓடற வரைக்கும் நிதானமா போங்க டாக்டரம்மா. புது ரப்பர்" என்று சொல்லித்தான் அனுப்பினாள். எலுமிச்சம்பழம் நசுங்க, வண்டி நேரே மலைப் பக்கம் போயிற்று. சாயங்கால வேலைக்குப் போக வேண்டுமாம். தூறல் விழுந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் திரும்பி வந்தார். காரின் பின்பக்கம் இடது பக்கவாட்டில் முழ நீளத்துக்குத் தேய்ந்து, தகரம் வெளியே தெரிந்தது.

"நேத்து ஏறும்போது மூணாவது வளைவுல வண்டி பின்பக்கம் வழுக்கித் தள்ளிக்கினு போயிடுச்சுக்கா. முப்பதுலதான் போனேன். கைப்பிடிச் சுவர் இருந்ததால வண்டி நிக்குது. அப்படியே திருப்பி மெதுவா எறங்கிட்டேன். அந்தச் சுவர் ரெண்டு அடி தள்ளி முடிஞ்சுபோயிருக்கு." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்புச்செல்வன் அன்றைக்குச் சரக்கு இறக்க வந்திருந்தான். காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தயாரிப்புல ஏதோ கோளாறு. க்ளெய்ம் போட்டுடலாம் மேடம், கம்பெனி மாத்தித் தரும்" என்றான்.

"இதே டயர் வேணாங்க" என்றார் டாக்டர். "கள்ளக்குறிச்சியில காட்டுனாங்க, அறுபதாயிரம் கேரண்டின்னு. அதயே போட்டுக்கறேன். மன்னிச்சுக்கங்கக்கா."

ஜெயசுதா கீழே குந்தி, பின் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுப்பகுதி ரோட்டில் உரசி, மங்கலாக, புழுதி படிந்து இருந்தது. ஓரங்கள் மட்டும் நேற்றுப் பூசியது போலவே மின்னின. கட்டைவிரலை நடுவில் வைத்தாள்; ஒட்டியது. ஓரத்தில் வைத்தாள், வழுக்கிக்கொண்டு போயிற்று. நேராக ஓடும்போது நடுதான் தரையில் படும். ஓரம் படுவது வண்டி திரும்பும்போது. முதல் இரண்டு வளைவு லேசானவை என்று வேன்காரர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறாள். மூன்றாவதில்தான் நன்றாகத் திருப்ப வேண்டும். அப்போதுதான் அந்த ஓரம் முதல்முறையாக முழுசாக ரோட்டைத் தொட்டிருக்கிறது, அவள் பூசிய பாலிஷோடு. அதுவும் ஈர ரோட்டை.

இத்தனை பார்த்துத் தேர்ந்தெடுத்த ரப்பரை அவளே தன் கையால் பாழாக்கியிருக்கிறாள். டிராக்டருக்கும் லாரிக்கும் வருஷக்கணக்காகப் பூசியும் ஒன்றும் ஆகவில்லை. ஆகாமல் போனது அதிர்ஷ்டம்தான். ஜெயசுதாவுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

எழுந்து உள்ளே போனாள். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட வெற்றிவேல் பின்னாலேயே வந்தார். அவள் சொன்னதைக் கேட்டுவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அன்புதான் க்ளெய்ம் போடறேன்றான் இல்ல? நீ எதுக்கு வாயத் தொறக்கற? ஊர்ல தெரிஞ்சா எவன் நம்மகிட்ட வருவான், சுதா?"

"அவங்க போய் அந்தக் கல்லு டயர மாட்டிக்கினு மழையில ஏறப்போறாங்க. உங்களுக்குப் புரியுதா இல்லியா?"

"அது அவங்க இஷ்டம்."

"அவங்க இஷ்டம் இல்லீங்க. நான் பண்ண வேலைக்குப் பயந்துக்கினு போறாங்க."

வெற்றிவேல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் வெளியே வந்துவிட்டாள். அன்புச்செல்வன் கிளம்பட்டும் என்றுகூடக் காத்திருக்கவில்லை. அவன் காதுபடவே சொன்னாள்.

"டாக்டரம்மா, டயர்ல கோளாறு இல்ல. கோளாறு எங்கிட்ட. பூஜை போடறேன்னு பாலிஷ நான்தான் ரோட்டுல படற இடத்துல பூசுனேன். ஓரத்துல இன்னும் இருக்குது, தொட்டுப் பாருங்க. அதான் வழுக்கிச்சு. உங்க உயிரு போயிருந்தா அதுக்கு நான்தான் பொறுப்பு."

டாக்டர் குனிந்து விரல் வைத்துப் பார்த்தார். நடுவில், ஓரத்தில், மறுபடி நடுவில்.

"கழுவுனா போயிடுமா?"

"போயிடும்."

"போயிடுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

நேற்று வரைக்கும் "நான் சொல்றேன்" என்பதே இதற்கு ஜெயசுதாவின் பதிலாக இருந்தது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கழுவுங்கக்கா. கழுவிட்டு நீங்களும் வந்து பக்கத்துல உக்காருங்க. அந்த வளைவு வரைக்கும் போவோம்."

வெற்றிவேல் பதறினார். "அவளுக்கு மலை ஒத்துக்காதுங்க, டாக்டர். பஸ்ஸுலயே..."

"வரேன்" என்றாள் ஜெயசுதா.

சோப்புத் தூளைக் கரைத்து, பிரஷ் எடுத்து, ஒவ்வொரு டயராக அவளே தேய்த்தாள். வெற்றிவேல் உதவிக்கு வந்தபோது தள்ளிப் போகச் சொல்லிவிட்டாள். மூன்று தடவை தண்ணீர் அடித்து, நாலு டயரின் ஓரத்திலும் விரல் ஒட்டுகிறவரைக்கும் விடவில்லை. தேய்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து புருஷனின் குரல் கேட்டது. ஸ்கூல் வேன்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். "போன வாரம் போட்டீங்களே, அந்த ரெண்டு டயர். ஒருக்கா கடைக்குக் கொண்டாங்க. கழுவித் தரணும். ஆமா, எங்க தப்புதான்." அடுத்த நம்பரையும் அழுத்தினார். யாரும் சொல்லாமலே செய்தார் என்பதை ஜெயசுதா மனதில் வைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது மறுபடி தூறல். கோமுகி அணை தாண்டியதும் வயிற்றில் அந்தப் பழைய சங்கடம் தொடங்கியது. எலுமிச்சம்பழம் எடுத்துவர மறந்திருந்தாள். டாக்டர் ரேடியோகூடப் போடவில்லை. முதல் வளைவில் ஜெயசுதா கதவுக்கு மேலிருந்த பிடியைப் பற்றினாள். இரண்டாவதில் குலசாமி பெயர் வாயில் வந்தது. மூன்றாவது தெரிந்ததும், தன்னை அறியாமல் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

உடம்பு கதவுப் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. இன்ஜின் சத்தம் மாறவே இல்லை.

"அக்கா, கண்ணத் தொறங்க. தாண்டியாச்சு. அதே முப்பதுதான்."

திரும்பிப் பார்த்தாள். கைப்பிடிச் சுவரில் சாம்பல் நிறக் கீறல் ஒன்று நீளமாக இருந்தது. அதற்கு ரெண்டு அடி தள்ளிச் சுவர் இல்லை. வெறும் புல், அப்புறம் பள்ளம். ஜெயசுதாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதைவிட அதிகமாகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

டாக்டர் அகலமான இடம் பார்த்து வண்டியை நிறுத்தினார். "நம்பறேன்க்கா. இதே டயர் இருக்கட்டும். வாங்க, உங்கள வுட்டுட்டு வந்துடறேன்."

"டாக்டரம்மா, உங்களுக்கு நேரம் இருக்குதா?"

"இன்னும் அரை மணி இருக்கு. ஏன், வயிறு பிரட்டுதா?"

"அது கெடக்குது. கீழ போயி இன்னொரு வாட்டி ஏறுங்க. நான் பாக்கல. கண்ண மூடிக்கினு இருந்துட்டேன்."

டாக்டர் சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பி இறக்கினார். அடிவாரத்திலிருந்து மறுபடி ஏறத் தொடங்கியபோது தூறல் மழையாக வலுத்திருந்தது. மூன்றாவது வளைவு வந்தது. ஜெயசுதா பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.