எருக்குழி மண்

வழக்கமாக முடிவுத் தாளில் கையெழுத்துப் போடுவது மட்டுமே என் வேலை. கூடலூரிலிருந்து வந்த மண் பொட்டலத்தை இன்று ஆய்வகத்தில் நானே பிரித்ததும் என் கை அப்படியே நின்றது. மக்கிய சாணத்தின் வாடை. எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை.

நான் எட்டாவது படித்தபோது, வேளாண்மை ஆபீசில் எங்கள் திராட்சைத் தோட்டத்து மண்ணைச் சோதனைக்குக் கேட்டார்கள். அப்பா பந்தலுக்கடியில் ஒரு பிடிகூட அள்ளவில்லை. எருக்குழி ஓரம் போய்க் குனிந்தார்.

"கொடிக்கடியில எடுக்கச் சொன்னாகளேப்பா."

"வெளுத்த மண்ணையா ஆபீசருக்குக் கொடுக்கிறது? அசிங்கமில்ல? இங்கன பாரு ஆத்தா, கருகருன்னு இருக்கு!"

சத்து ஏராளம், உரம் வேண்டாம் என்று முடிவு வந்தது. அந்தத் தாளை அப்பா ஊரெல்லாம் காட்டினார். இரண்டு வருடம் உரமே போடவில்லை. இலை ஓரம் கருகியபோது பூச்சியென்று மருந்தடித்தார். கொடிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்தன. கடைசியில் பந்தலின் கல்தூண்கள்தான் மிஞ்சின. எனக்குக் காரணம் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பொட்டலத்தின் மேலிருந்த எண்ணுக்கு உடனே போன் செய்தேன்.

"மண்ணை எங்கன எடுத்தீக?"

"போன வருசம் எடுத்த இடந்தான் மேடம்," என்றார் அந்த விவசாயி. "சத்து ஏராளம்னு நீங்கதான கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீக. இப்ப இலை ஓரம் மட்டும் லேசாக் கருகுது. மருந்தடிச்சிருக்கேன்."