டம்ளரில் ஊற்றிய மீன் எண்ணெய்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றது, மறதியும் உண்டு. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வருஷம் ஆடி மாதம். மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டி, பிரம்மதேசம் பக்கம் என் மருமகள் குட்டை வெட்டிக் கெளுத்திக் குஞ்சு விட்டிருந்தாள். மகன் இறந்தபின் எங்கள் இருவருக்கும் அதுதான் பிழைப்பு. அவள் அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் என்று பாண்டிக்குப் போனபோது, தீனி போடும் வேலையை என்னிடம் விட்டாள். தவிடு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள் பிசைந்து அதில் மீன் எண்ணெய், பாட்டில் மூடியால் ஒரு மூடி. அதற்கு மேல் வேண்டாம் என்று சொல்லித்தான் போனாள்.

நான் மீனவக் குப்பத்தில் பிறந்தவள். படகுப் பலகைக்கே மத்தி எண்ணெயைக் குடம் குடமாகப் பூசிப் பார்த்தவள். சுண்டுவிரல் அளவுகூட இல்லாத குஞ்சுகள், கொழுப்புச் சேர்ந்தால் சீக்கிரம் தேறுமே என்று டம்ளரில் ஊற்றினேன்.

முதலில் வயிறு உருண்டு அழகாகத்தான் இருந்தன. பத்து நாளில் தீனியைத் தொடவில்லை. தண்ணீர்மேல் எண்ணெய் படர்ந்திருந்தது. நாலைந்து குஞ்சுகள் மல்லாந்து கிடந்தன. ஒன்றைக் கீறிப் பார்த்தேன். ஈரல் வெளுத்து, விரல் பட்டதும் மசிந்தது.

மருமகள் போனில் கேட்டாள். "நல்லா இருக்குதும்மா" என்றேன். செத்தவற்றை வரப்போரம் புதைத்தேன். அவள் என்னை அனுப்பிவிட்டால் எங்கே போவேன் என்றே நினைப்பு. இரண்டு நாள் இப்படி மறைத்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு கூடை அளவு மிதந்தது. நானே போன் செய்து, ரெண்டு நாளா மீன் செத்து மிதக்குது, தண்ணிமேல எண்ணெய் நிக்குது என்றேன்.

"எவ்ளோ ஊத்துனீங்க?"

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"அத்தே, கேக்கறேன் இல்ல?"

"டம்ளர்ல ஒண்ணு. ஒவ்வொரு வேளைக்கும்."

"மீன வளக்கச் சொன்னா உயிரோடவே வறுத்துட்டீங்களே" என்றவள், "தீனிய நிறுத்துங்க. மேல இருக்கற எண்ணெய துணியால எடுங்க. மோட்டார் போட்டு புதுத் தண்ணி விடுங்க. நான் வர்றேன்" என்றாள்.

பழைய புடவையை விரித்து இடுப்பளவு தண்ணீரில் இழுத்துக்கொண்டிருந்தேன். மருமகள் மத்தியான பஸ்ஸில் இறங்கி நேராகக் குட்டைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, புடவையின் மறுமுனையைப் பிடித்தாள்.

"பயந்துனு இருந்தீங்களா? மொத நாளே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் பொழச்சிருக்கும்."

அவ்வளவுதான் சொன்னாள். பாதிக்கு மேல் போய்விட்டது, மிச்சம் தேறியது. இன்றும் தீனி பிசைவது நான்தான். என் எண்ணெயால் செத்ததைவிட, நான் பேசாமல் இருந்ததால் செத்தவைதான் அதிகம் என்பது மனதை விட்டுப் போகவில்லை.

எண்ணெய் அளவு, ஈரல் சமாசாரம் எல்லாம் தெரிந்த மட்டும் எழுதினேன். மீன் வளர்ப்பவர் யாராவது பார்த்துத் திருத்துங்கள். இரண்டு நாள் மறைத்தேன் என்றதை மட்டும் என் மருமகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் குறைத்துச் சொல்லியிருப்பேன்.