கொலுவில் ஓடிய நாகர்கோவில் வண்டி

எங்கள் சித்தப்பாவுக்குக் கொலுப் பொம்மைகளின் மேல் அப்படியொன்றும் பெரிய பக்தி கிடையாது. தசாவதாரம் எந்தப் படியில் நிற்க வேண்டும், செட்டியார் எங்கே கடை போட வேண்டும் என்பதெல்லாம் அம்மாவின் இலாகா. படிகளுக்குக் கீழே இருக்கும் கூடத்துத் தரை மட்டும் தனக்கு வேண்டும் என்று அந்த வருஷம் கேட்டு வாங்கிக்கொண்டார். திருவனந்தபுரத்தில் எங்கள் ஸ்ரீவராகம் பக்கத்து மற்ற வீடுகளில் அந்த இடத்தில் கடுகு முளைக்கப் போட்டுப் பார்க் வைப்பார்கள். எங்கள் வீட்டிலோ ஊர் பஸ்ஸெல்லாம் ஓடப்போகிறது! பள்ளிக்கூடத்தில் எனக்கிருந்த கர்வத்தைக் கேட்கவே வேண்டாம். ஒன்பது வயதுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

சித்தப்பா பஸ் ஆபீஸில் டைம் டேபிள் போடுகிற குமாஸ்தா. அப்பாவின் கடைசித் தம்பி. சின்ன வயதில் பெற்றவர்களை இழந்தவரை அப்பாதான் நாகர்கோவிலிலிருந்து கூட்டிவந்து படிக்கவைத்து ஆளாக்கியிருந்தார். என்னைவிட அவரிடம்தான் அப்பாவுக்குச் செல்லம் என்று எனக்கு உள்ளூரப் பொறாமை.

ஐப்பசியில் நாகர்கோவில் உள்ளிட்ட நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகிறது என்று பெரியவர்கள் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்தப் பக்கத்து டிப்போவுக்குப் போக விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று சித்தப்பாவின் ஆபீஸில் சொல்லியிருந்தார்கள். நாகர்கோவிலில் அத்தை இருந்தாள். அப்பாவுக்குத் தங்கை, சித்தப்பாவுக்கு அக்கா. அத்திம்பேர் காலமான பிறகு இரண்டு சின்னக் குழந்தைகளோடு தனியாக இருந்தாள். இங்கே வந்துவிடு என்று அப்பா எத்தனை தடவை கூப்பிட்டும் வரவில்லை. சித்தப்பா போவாரா, இருப்பாரா என்பதுதான் வீட்டில் கேள்வி. அவர் இருப்பார் என்று அப்பா தாமாகவே தீர்மானித்துவிட்டார். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு அதெல்லாம் ஏதோ பஸ் சமாசாரமாகத்தான் காதில் விழுந்தது.

நான் முதலில் கேட்டது ரயில். சித்தப்பா சிரித்துவிட்டார்.

"நம்ம ஊர்லே ரயில் தம்பானூர் வரைக்கும் வரும், அப்பறம் நிக்கும். அதுக்கு மேலே போக வழியில்லை. கொலு முழுக்க அது நின்னுண்டே இருந்தா யார் பார்ப்பா? பஸ்தான் ஓடும், கேட்டயோ."

சமாதானத்துக்காகத் தீப்பெட்டியில் ஒரு ரயில் செய்து தந்தார். அது வந்த நாள் முதல் தம்பானூரில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாலைக் கடைத்தெருவிலிருந்து ஜவுளிக்கடை அட்டைகளைப் பொறுக்கி வந்து பஸ்கள் செய்தோம். கீழ்ப்படியை ஒட்டிக் கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டு. அங்கிருந்து பாளையம் வழியாகப் பட்டத்துக்கு ஒரு பாதை, பேட்டைக்கு ஒன்று, சங்குமுகம் கடற்கரைக்கு ஒன்று, கரமனை, நேமம் என்று தெற்கே ஒன்று. பாதைகளைக் கோலமாவில் போட்டு, காலி நூல் உருளைகளை இரண்டு முனையிலும் ஆணியடித்து, வளையமாக நூலைச் சுற்றி அதில் பஸ்ஸை ஒட்டினோம். படிக்குப் பின்னாலிருந்து இழுத்தால் வண்டி போகும், வரும். நான் ஒவ்வொரு ஸ்டாப்பும் வேண்டும் என்றேன். எங்கள் பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்காவிட்டால் அது என்ன ஊர்? சித்தப்பா பொறுமையாக எனக்கு ஒரு ஸ்டாப் தந்து, சினேகிதிகளுக்கு இரண்டைத் தந்து, மீதியை அழித்தார்.

தகராறு வந்தது நாகர்கோவிலில்தான். ஊருக்குள் ஓடுகிற வண்டிகள் போதுமே, அது எதற்கு என்று எனக்கே தோன்றியது. சித்தப்பா விடவில்லை. மைலுக்கு ஒரு சாண் என்று கணக்குப் போட்டிருந்தோம். அளந்துகொண்டே போனோம். கூடம் தாண்டி, இரண்டாம் கட்டு தாண்டி, அடுக்களை தாண்டி, நாகர்கோவில் கிணற்றில் போய் விழுந்தது.

"அத்தை கிணத்துக்குள்ளேயா இருக்கா?" என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. நெய்யாற்றின்கரைக்கு அப்பால் மைல்களைச் சுருக்கிச் சுருக்கி, கூடத்து நிலைப்படியைத் தாண்டியதும் இருக்கிற தூணடியில் நாகர்கோவிலைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். டைம் டேபிளில் ஒரு நிமிஷம் பிசகினால் துடிக்கிற மனுஷர் பத்து இருபது மைலை வாய் கூசாமல் விழுங்கினார். அவ்வளவு நீளத்துக்கு நூல் வளையம் கட்ட முடியவில்லை, தொய்ந்தது. அதனால் அந்த வண்டிக்கு மட்டும் முன்னால் ஒரு நூல், பின்னால் ஒரு நூல். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர் உட்கார்ந்து மாற்றி மாற்றி இழுக்க வேண்டும்.

அமாவாசையன்று கலசம் வைத்துக் கொலு அடுக்கியாயிற்று. ஆபீஸிலிருந்து வந்த அப்பா, நிலைப்படியைத் தாண்டிப் போகிற நூலையும் தூணடியில் எழுதியிருந்த ஊர்ப் பெயரையும் பார்த்தார்.

"இது எதுக்கு இங்கே? எடுத்துடு."

அம்மாவுக்கும் அந்த நூல் மேல் கோபம்தான். "நான் சுண்டலை எடுத்துண்டு தாண்டித் தாண்டி வரணும். ஒரு ஸ்வைரம், ஒரு நிம்மதி உண்டா இந்த ஆத்திலே?" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், அப்பா சொன்னதும் கட்சி மாறிவிட்டாள். "கலசம் வச்சாச்சு. விஜயதசமி வரைக்கும் ஒண்ணையும் நகத்தப்படாது. கொலுவிலே இருக்கறது இருந்தபடி இருக்கட்டும்."

கலசத்தை மீறி அப்பாவால் என்ன செய்ய முடியும்? நாகர்கோவில் அங்கேயே இருந்தது. அதற்கப்புறம் அவர் கூடத்துப் பக்கமே வராமல், ரேழியோடு ஈஸிசேரில் பேப்பரை விரித்துக்கொண்டார்.

எங்கள் பஸ்ஸுக்கு அக்கம்பக்கத்தில் ஏகப்பட்ட புகழ். பாட்டுப் பாட வந்த மாமிகள் பாட்டை மறந்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சாயங்காலம் ஆனால் சித்தப்பா நிலைப்படிக்கு அந்தப் புறம் தூணடியில் போய் உட்கார்ந்துகொள்வார். நான் கிழக்கே கோட்டை. ஒருநாளாவது இடம் மாற்றிக்கொள்ளலாமே என்றால், "நீ இங்கேயே இரு கொழந்தே. நான் அங்கே இருந்துக்கறேன்" என்பார்.

ஒரு சாயங்காலம், மாமிகளெல்லாம் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனபின், வாசல் வரை போய்விட்டுத் திரும்பினேன். என் இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார்! ஆபீஸ் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. என் நூல் அவர் கையில். எனக்கு ஒரே சந்தோஷம். எதிரே தூணடியில் சித்தப்பா. வண்டி நடுவில், நிலைப்படி மேல்.

"பேர் குடுத்துட்டயாமே" என்றார் அப்பா.

"ஆமாம் அண்ணா."

"ஊரான் சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

"உங்ககிட்டே சொன்னா விட்டிருப்பேளா?"

அப்பா நூலை இழுத்தார். நூல் விறைத்தது. சித்தப்பாவும் தன் பக்கத்தை விடவில்லை. வண்டியின் முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டு, அட்டை கிழிகிற மாதிரி முனகியது. எத்தனை ஞாயிற்றுக்கிழமை உழைத்துச் செய்த வண்டி!

"ஐயோ, பிஞ்சுடும்! ரெண்டு பேரும் இழுத்தா வண்டி எப்படிப் போகும்? யாராவது ஒருத்தர் விடுங்கோளேன்!" என்று கத்தினேன்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா விரல்களைத் தளர்த்தினார். வண்டி நிலைப்படியிலிருந்து ஒரு குதி குதித்து இறங்கி, சிக்காமல் சாயாமல் தூணடிக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கையைத் தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

"இப்போ நீங்க இழுங்கோப்பா, திரும்பி வரட்டும்" என்று நூலை எடுத்து அவர் கையில் திணித்தேன். அவர் வாங்கிக்கொள்ளாமல் எழுந்து, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

அப்பாவுக்கு விளையாடவே தெரியவில்லை என்று புகார் சொல்ல அடுக்களைக்கு ஓடினேன். அம்மா எல்லாவற்றையும் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அதிகப்பிரசங்கி என்று எப்போதும் தலையில் குட்டுகிறவள், அன்று என்னை இழுத்துச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். வெகு நேரம் விடவில்லை. வண்டி அவ்வளவு அழகாக ஓடியதே, அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.