பி.டி. பீரியடில் தூங்கவைத்த எஸ்தர் டீச்சர்

காலை டீயை வாயில் வைக்கும்போது ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. எஸ்தர் டீச்சர் கடலூரில் காலமானார். சிதம்பரத்தில் எங்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவர். அவரோடு பழகிய ஆசிரியர்களும் மாணவர்களுமான உங்களுக்கு அவர் பெருமையை நான் சொல்லத் தேவையில்லை. என் சிறுமையைத்தான் சொல்ல வேண்டும்.

நான் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். காலை ஆறரைக்கே ஸ்பெஷல் கிளாஸ். அது போதாதென்று பி.டி. பீரியடையும் பிடுங்கிக்கொள்வேன். அந்த ஆண்டு, எப்போதும் முதலில் வரும் கலைவாணி ஓட்டப்போட்டியில் பாதியிலேயே விழுந்துவிட்டாள். “சோம்பேறி, ஒடம்பு வளையல” என்றேன்.

“குமராட்சிலேர்ந்து மொத மினிபஸ்ல வருது சார் அந்தப் புள்ள. பதினோரு மணி வரைக்கும் ஒங்க ஹோம்வொர்க்கு, நாலு மணிக்கு எழுந்திரிக்கிது. நான் குடுக்கற பயிற்சி தூங்குனாதான் ஒடம்புல ஒட்டும்” என்றார் டீச்சர்.

“அப்ப தூக்கத்துக்கும் மார்க் போடுங்க” என்றேன். ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

மறுவாரமே தலைமையாசிரியரிடம் பேசி அந்தப் பீரியடைத் திரும்ப வாங்கிவிட்டார். பாதி நேரம் பிரேயர் ஹாலில் பாய் விரித்துப் பிள்ளைகளைத் தூங்கவைப்பார், மீதி நேரம் ஓடவைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூங்குகிற பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரையும் ஜன்னல் வழியாகப் புகைப்படம் எடுத்து நிர்வாகத்துக்கு அனுப்பினேன். அவருக்கு மெமோ வந்தது. “தூங்காத குழந்தையை ஓடவைப்பது என் வேலை அல்ல” என்று பதில் எழுதிக் கொடுத்தார், பாயை மட்டும் மடிக்கவில்லை. ஆண்டு முடிவில் நிர்வாகத்தின் கடலூர் பள்ளிக்கு அவரை மாற்றினார்கள். யார் புகார் செய்தது என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. பிள்ளைகள் அழுதார்கள். நான் வழியனுப்பு விழாவில் வாழ்த்துரை வழங்கினேன்.

அடக்கத்துக்குக் கலைவாணி வந்திருந்தாள். இப்போது காவல்துறையில் இருக்கிறாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். “சார், அன்னிக்கி நீங்க மட்டும் பீரியட வுட்டுக் குடுக்கலன்னா நான் ஓட்டத்தையே வுட்ருப்பேன். ‘கணக்கு சார்தான் ஒங்களத் தூங்க வுடச் சொன்னாரு’ன்னு டீச்சர் சொல்லிக்கிட்டே இருப்பாங்க.”

நான் மறுக்கவில்லை. டீச்சர் என் கண்ணெதிரே கிடத்தப்பட்டிருந்தபோதும் தலையாட்டினேன்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அவராகப் பார்த்துக் கொடுத்த அந்த நல்ல பெயர் ஒன்றுதான். அதை வைத்துக்கொள்ளக் கூசுகிறது. கலைவாணி, அந்தப் புகைப்படத்தை எடுத்தது நான்தானம்மா.