நூற்றுப் பதினேழாம் எண் பொட்டலம்

எங்கள் லாண்டரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மடிப்பு என்றால் அவர்தான். நாற்பதைத் தாண்டியவர், தனி ஆள். அவர் தேய்த்த சட்டைக் கையின் கோட்டைப் பார்த்து துணிகளை வீடுகளுக்குக் கொண்டுபோகும் எங்கள் வண்டிக்காரர் வைத்த பெயர் அது. கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு அதே வண்டிக்காரர் வைத்தது ‘டிகிரி’. கிண்டலுக்குத்தான் வைத்தார். எங்கள் வீட்டில் அதை வாங்கிய முதல் ஆள் நான் என்பதால், எத்தனை முறை கூப்பிட்டாலும் எனக்குச் சலிக்கவில்லை.

மடிப்பு அண்ணன் குடியிருந்த கட்டடத்துக்கு ஒருநாள் மதியம் சீல் வைத்துவிட்டார்கள். கீழ்த்தளத்துத் தூணில் விரிசல். அவர் வேலை முடிந்து போனபோது வாசலில் கயிறு கட்டியிருந்தது. ஒவ்வொருவராக உள்ளே விட்டு, கைக்கு அடங்கியதை எடுத்துவரச் சொன்னார்கள். அவர் துணிகளையும் ஒரு போர்வையையும் எடுத்தார். கட்டிலும் அடுப்பும் பாத்திரமும் உள்ளேயே தங்கிவிட்டன. முன்பணம் வாங்கியிருந்த வீட்டுக்காரர் போனை அணைத்துவிட்டார். பிள்ளைகுட்டியோடு இருந்தவர்களைப் பள்ளிக்கூட மண்டபத்தில் தங்கவைத்தார்கள். இவர் முறை வந்தபோது அதிகாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லையாம்.

“கூட யாரு?”

“நான் மட்டும்தாங்க.”

“ஒத்த ஆளா? அப்ப எங்கயாச்சும் பாத்துக்கப்பா. குடும்பங்களுக்கே இடம் பத்தல.”

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. கடையில் அவர் மூச்சு விடவில்லை. வெளியூரில் ஓர் அக்கா உண்டு; மச்சானின் வாய்க்குப் பயந்து அங்கேயும் சொல்லவில்லை. பேருந்து நிலையத்தில் படுத்தார். கட்டணக் குளியலறையில் குளித்தார். வீடு போன மனிதன் கசங்கிப் போயிருப்பான் என்றுதானே நினைப்போம்? இவர் சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. இஸ்திரிப் பெட்டி கையில் இருக்கும்வரை அவரை யார் கண்டுபிடிக்க முடியும்?

சாயங்காலம் தோறும் வீடு தேடினார். ‘வாடகைக்கு’ என்று எழுதியிருந்த வாசலிலெல்லாம் ஏறினார். எடுத்த எடுப்பில் வரும் கேள்வி, “குடும்பம்?” இல்லை என்றதும் கதவு பாதி மூடும். “இப்ப எங்க இருக்கீங்க?” என்று கேட்டால் அவர் விழிப்பார், மீதியும் மூடிவிடும்.

துணிப்பைதான் பெரிய தலைவலி. பேருந்து நிலையத்தில் தலைக்கு வைத்துப் படுத்தாலும் விடியும்போது இருக்கும் என்று சொல்ல முடியாது. கடையில் யாரும் தங்கக் கூடாது, சொந்தச் சாமான் வைக்கக் கூடாது என்பது முதலாளியம்மாவின் சட்டம். ஆகவே லாண்டரிக்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய ஒரு வேலையைச் செய்தார். துணிகளைக் கடைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி, நூற்றுப் பதினேழு என்று சீட்டுக் குத்தி, தேய்த்து முடித்த துணிகள் காத்திருக்கும் அலமாரியின் உச்சியில் வைத்துவிட்டார். எங்களிடம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் எண் உண்டு. நூற்றுப் பதினேழு, ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவருடையது. அவர் மகளோடு வெளிநாடு போய் வெகுகாலமாகிறது. செத்த எண். தினமும் பொட்டலத்தைப் பிரித்து ஒரு சட்டையை எடுப்பார்; போட்டிருந்ததைச் சலவைக்குள் நழுவவிடுவார்; மறுபடி கட்டிவைப்பார்.

ஒருநாள் அந்த டீச்சர் திரும்பி வந்துவிட்டார். வந்ததும் வீட்டுத் திரைச்சீலைகளைச் சலவைக்குப் போட்டார். திரைச்சீலைக்குத் தனி இயந்திரம். அது மடிப்பு அண்ணனின் மேசைக்கே வராது. வேலை முடிந்ததும் வண்டிக்காரர் நூற்றுப் பதினேழு என்றிருந்த இரண்டு பொட்டலங்களையும் அள்ளிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டார்.

போனை நான்தான் எடுத்தேன்.

“லாண்டரியா? யாருப்பா ஆம்பளத் துணியெல்லாம் என் வீட்டுக்கு அனுப்பினது?”

“டீச்சர், சீட்டுல உங்க எண்தான்…”

“எண்ணு கெடக்கட்டும். சட்டை, பேன்ட்டு, பனியன் வேற! பக்கத்து வீட்டம்மா உக்காந்திருக்காங்க. பனியனையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்கறாங்க!”

முதலாளியம்மா வண்டிக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“யாரு துணிய்யா அது?”

“சீட்டுல இருக்கறதத்தானேம்மா கொண்டுபோவேன். டீச்சர் வீட்டு விஷயம் எனக்கென்ன தெரியும்?”

“பேச்சப் பாரு! யாரோ வாடிக்கைக்காரர் துணியத் தொலைச்சிட்டு நிக்கற. யாருதுன்னு தெரியலன்னா வண்டிச் சாவிய வச்சிட்டுக் கிளம்பு.”

தேய்ப்பு மேசையில் நீராவிச் சத்தம் நின்றது.

“அவர விடுங்கம்மா. அது என்னுது.”

“உன்னுதா? உன் துணி உன் வீட்லல்ல இருக்கணும்?”

“வீடு இருந்தாத்தானேம்மா.”

வண்டிக்காரர்தான் முதலில் வாய் திறந்தார்.

“யோவ், அப்ப தினமும் ‘வீட்டுக்குக் கிளம்பறேன்’னு கையாட்டிட்டுப் போனியே?”

“பழக்கம்.”

“வாய் இல்லையா உனக்கு?” என்று முதலாளியம்மா கத்தினார்.

“சொன்னா, கடையிலயே படுத்துடுவேன்னு நினைச்சு நிறுத்திடுவீங்களோன்னு பயந்தேன்மா.”

அந்தப் பயம் முழுக்கத் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. இப்போதும் கடைச் சட்டத்தை முதலாளியம்மா தளர்த்தவில்லை. வண்டிக்காரர்தான் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், பிள்ளைகளை நகர்த்திப் படுக்கவைத்து இடம் கொடுத்தார்.

விடுமுறை நாளில் முதலாளியம்மா எங்கள் மூவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வீடு பார்க்கக் கிளம்பினார். சைக்கிள் கடைக்கு மேலே ஓர் அறை. மடிப்பு அண்ணனை ஏற்கெனவே திருப்பி அனுப்பிய இடம்.

“இவர் முன்னாடியே வந்தாரே. தனி ஆளுக்கு விடறதில்லம்மா,” என்றார் வீட்டுக்காரர். “குடும்பஸ்தன்னா ஒரு பொறுப்பு இருக்கும்.”

“முன்ன இருந்தவர் குடும்பஸ்தன்தானே? எப்படிக் காலி பண்ணினார்?”

கீழே சைக்கிள் கடைக்காரர் சிரித்துவிட்டார். “சொல்லாம கொள்ளாமம்மா. பல்பக்கூடக் கழட்டிட்டுப் போயிட்டாரு.”

“இவர் என் கடையில வருசக்கணக்கா இருக்காரு. என் தம்பின்னு வச்சுக்குங்க. எதுன்னாலும் என்னை வந்து கேளுங்க.”

வீட்டுக்காரர் சைக்கிள் கடைக்காரரை முறைத்துவிட்டுச் சாவியை நீட்டினார்.

மடிப்பு அண்ணன் மேலே போனார். கதவு சாத்தும் சத்தம், பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அடுப்பும் பாயும் வாங்கப் போக வேண்டும் என்று நாங்கள் கீழே காத்திருந்தோம். ஆளைக் காணோம். வண்டிக்காரர் படியேறி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார்.

“அம்மா, வெறும் தரையில படுத்துத் தூங்கறாரு. கதவத் தட்டவா?”

“தட்டாத,” என்றார் முதலாளியம்மா. “வண்டிய எடு. அடுப்ப நாமளே வாங்கிட்டு வந்துடலாம்.”