வராதவரின் கருத்து

ஈர மணலில் ஒரு கூறு மீன். அடியில் இலைகூட இல்லை. கிழங்கா, சங்கரா, மேலாக ஒரு சின்ன வவ்வால். காரைக்கால்மேட்டுக் கரையில் காலை நேரத்தில் இப்படி எத்தனையோ கூறுகள் கிடக்கும். இந்தக் கூறைச் சுற்றி மட்டும் மணல் சுத்தமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் காகங்கள் மிதித்துக் கிறுக்கியிருக்க, இங்கே ஓர் ஆள் காலை நீட்டி உட்காரும் அளவுக்கு ஒரு தடமும் இல்லை. வியாபாரிகளின் காலுக்கிடையில் புகுந்து திருடிய காகங்கள், இந்தப் பக்கம் வந்ததும் ஒதுங்கி, வளைந்து நடந்தன. உட்கார்ந்திருக்கும் மனிதரைச் சுற்றிக்கொண்டு போகிற மாதிரி.

நான் தொழிலாளர் துறையில் இருந்து ஓய்வுபெற்றவன். ஓய்வுபெற்ற அதிகாரியை அரசாங்கம் இரண்டு காரியத்துக்குத்தான் திரும்பக் கூப்பிடும். ஒன்று, அவர்மேல் விசாரணை. மற்றது, பணியில் இருப்பவர்கள் யாரும் தொட விரும்பாத வேலை. என்னை இரண்டாவதற்குக் கூப்பிட்டார்கள். ஒரு வளைகுடா நாட்டோடு தொழிலாளர் ஒத்துழைப்பு ஒப்பந்தம் ஆகப்போகிறது, வரைவு தயார், தொடர்புடையோர் எல்லாரிடமும் கருத்துக் கேட்டதாக ஓர் அறிக்கை வேண்டும் என்றார்கள். கேட்பது வேறு, கேட்டதாக அறிக்கை தருவது வேறு. இந்த வித்தியாசம் புரிந்தவர்கள்தான் எங்கள் துறையில் சீக்கிரம் மேலே போனார்கள். நான் மெதுவாகத்தான் போனேன்.

எங்கள் ஊரில் வெளிநாடு என்பது இரண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குப் பாரிஸ். அவர்களுக்கு ஒப்பந்தமெல்லாம் தேவையில்லை, முன்னோர் ஒருவர் சரியான சமயத்தில் சரியான மேசைக்குப் போய்க் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் போதும். மற்றவர்களுக்கு வளைகுடா. குரும்பகரத்துப் பிள்ளைகள் கட்டட வேலைக்கும், காரைக்கால்மேட்டு ஆட்கள் அங்கே இருக்கும் முதலாளிகளின் படகில் மீன்பிடிக்கவும் போகிறார்கள். கடலை விட்டுக் கடலுக்கே போகிறவர்கள்.

வரைவைப் படித்தபோது ஒரு பிரிவில் நின்றேன். வேலையின்போது கடலில் காணாமற்போனவரைப் பற்றி ஆறு மாதத்துக்குள் தகவல் இல்லையென்றால், அவர் இறந்தவராகக் கருதப்படுவார். குடும்பத்துக்கு நிவாரணம், கோப்பு முடிந்தது. நம் சட்டத்தில் இதற்கு ஏழு வருஷம் காத்திருக்க வேண்டும். நல்ல பிரிவு என்றுதான் நினைத்தேன். ஆறு மாதம் என்பது அரசாங்கத்துக்கு மிகவும் அவசரமான வேகம்.

கருத்துக் கேட்கப் போன முதல் நாள்தான் ஏலக்கார அக்காவைப் பார்த்தேன். கரையில் ஏலம் விடுகிறவர். என்னைவிடப் பத்து வயது சின்னவராவது இருப்பார், ஆனால் ஊரே அக்கா என்று கூப்பிட்டதால் என் மனத்திலும் அதுவே தங்கிவிட்டது. குரல் அலையைத் தாண்டிக் கேட்கும். "என்ன மாமா, கையக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க? மீனுக்கு மாலை போட வந்தீங்களா, வாங்க வந்தீங்களா?" என்று ஒரு வியாபாரியைக் கேட்டார். அவர் நெளிந்துகொண்டே விலையை ஏற்றினார். ஏலம் முடிந்ததும் அக்கா ஒரு கூறைத் தனியாக அள்ளிக் கொண்டுபோய்ப் படகு நிழலுக்கு அப்பால் மணலில் வைத்தார். அதுதான் நான் முதலில் சொன்ன கூறு.

பக்கத்தில் நின்ற பஞ்சாயத்துத் தலைவர் விளக்கினார். "அவங்க வீட்டுக்காரரு வெளிநாட்டுப் படகுல போனவரு சார். படகும் வரல, ஆளும் வரல. எங்க கரையில ஒரு வழக்கம் உண்டுங்க. திரும்பாத ஆளுக்குச் சொந்தக்காரன் படகுலேருந்து தினம் ஒரு கூறு வைக்கணும். காக்கா எடுத்திருச்சின்னா ஆளு இல்லேன்னு அர்த்தம். அன்னைக்குத்தான் காரியம். எடுக்காத வரைக்கும் ஆளு இருக்காரு. பொழுது சாயுறதுக்குள்ள மீனத் திரும்பக் கடல்ல விட்டுடுவாங்க."

அவர் அதைச் சொன்ன தொனி எனக்குப் பழக்கமானது. காலக்கெடு, அத்தாட்சி, இறுதி ஆணை எல்லாம் அதில் இருந்தன. அந்த வெளிநாட்டுப் படகில் இந்த ஊர்க்காரர் இன்னொருவரும் இருந்தாராம். இளம் வயது, கையில் குழந்தையோடு மனைவி. அவருக்கு வைத்த கூறை மூன்றாம் நாளே காகம் எடுத்துவிட்டது. காரியம் செய்தாயிற்று. அக்கா வைக்கும் கூறோ போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசியிலிருந்து அப்படியே இருக்கிறது.

"கல்லு கில்லு எறிஞ்சு விரட்டுறாங்களோ?" என்று கேட்டேன்.

"நின்னு பாருங்களேன் சார்" என்றார்.

நின்று பார்த்தேன். வெயில் ஏறியது. அக்கா தொலைவில் கூடை கழுவிக்கொண்டிருந்தார். யாரும் விரட்டவில்லை. மீனில் ஏதாவது பூசியிருப்பார்கள், படகின் டீசல் வாடையாக இருக்கும், அந்த இடத்தில் ஏதோ அதிர்வு என்று எனக்குத் தெரிந்த காரணங்களையெல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றும் வந்து ஆஜராகவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் கடலைப் பார்த்த சமுதாயக் கூடத்தில் நடந்தது. ஊர் ஒரே கருத்தாகத்தான் சொல்லும், ஒரு வீடு மறுத்தாலும் ஊர் வாய் திறக்காது. அந்தக் கரையின் நடைமுறை அது. ஆள் அனுப்பும் ஏஜெண்ட் நறுமணத்தோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். வெளிநாடு போய்த் திரும்பியவர்கள் சம்பளம், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, ஓய்வில்லாத வேலை பற்றிப் பேசினார்கள். எழுதிக்கொண்டேன். பிறகு அந்த ஆறு மாதப் பிரிவை வாசித்தேன்.

அந்தப் படகில் போன இன்னொருவரின் மனைவி, இளையவள், குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு எழுந்தாள். "எனக்கு அது வேணும் சார். பேங்குல போனா இறப்புச் சான்று கேக்குறாங்க. ஆபீசுல போனா ஏழு வருசம்ங்கிறாங்க. காரியமே பண்ணியாச்சு, இன்னும் என்னைப் பொண்டாட்டின்னே எழுதுறாங்க. நான் யாருன்னு எனக்கே தெரியல."

அக்கா பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. "எங்க வீட்டுக்கு வேணாம். உசுரோட இருக்கறவரக் காயிதத்துல கொல்ல நான் சம்மதிக்க மாட்டேன்."

கூடத்தில் சலசலப்பு. தலைவர் தலையைத் தடவிக்கொண்டார். இளையவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள், கோபமில்லாமல், ஒரு கதவு சாத்தப்படுவதைப் பார்ப்பதுபோல. அக்கா மறுத்தால் ஊர் மறுத்த மாதிரி. ஏழு வருஷம் அப்படியே நிற்கும்.

"எல்லாருகிட்டயும் கேட்டாச்சேம்மா, அப்புறம் என்ன?" என்றார் ஏஜெண்ட்.

"எல்லாருகிட்டயுமா?" அக்கா என்னைப் பார்த்தார். "போற ஆளக் கேட்டீங்க. வந்த ஆளக் கேட்டீங்க. அனுப்புற மகராசனக் கேட்டீங்க. வராத ஆளக் கேட்டீங்களா சார்? அவரப் பத்தித்தானே எழுதியிருக்கு?"

ஏஜெண்ட் சிரித்தார். "போன் நம்பரு குடுங்கக்கா, இப்பவே கேட்டுடுவோம்."

"நம்பரு எதுக்கு? வெளியிலதான் உக்காந்திருக்காரு."

சிரிப்பு அவர் முகத்திலேயே காய்ந்தது. அக்கா எழுந்து வெளியே போனார். நாங்கள் வாசல் வரை போய் நின்றோம். நல்ல வெயில், உச்சிக்கு முந்தின நேரம். கூடத்தின் கூரை, கம்பி, கவிழ்த்த படகு எங்கும் காகங்கள். ஒன்றும் கத்தவில்லை. காகம் கத்தாமல் இருப்பது எவ்வளவு பெரிய சத்தம் என்று அன்றுதான் தெரிந்தது. அக்கா கூறுக்குப் பக்கத்தில் குந்தினார். கூறைப் பார்க்கவில்லை, அதற்குச் சற்று மேலே, உட்கார்ந்திருக்கும் ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் பார்த்தார். பேசினார். நிறுத்தினார். தலையசைத்தார். நடுவில் ஒருமுறை சலித்துக்கொண்டு கையை வீசினார், கணவன் சொன்னதையே திரும்பச் சொல்லும்போது மனைவிகள் வீசுகிற மாதிரி. அவர் விட்ட இடைவெளிகள் என்னைத் தொந்தரவு செய்தன. பாசாங்கு செய்கிறவர்கள் சமமாக இடைவெளி விடுவார்கள். விசாரணைகளில் பார்த்திருக்கிறேன். இவை சில நீளம், சில குட்டை. ஒருமுறை அவர் பேச வாயெடுத்து, குறுக்கிடப்பட்டவர்போல நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வந்து என் மேசைக்கு முன் நின்றார்.

"அந்தப் புள்ளைக்கு வேணும்னா குடுக்கச் சொல்றாரு. ஆனா வீட்டுல கேக்காம யாரும் யாரு பேரையும் அடிக்கக் கூடாதாம். வீடு எழுதிக் குடுத்தாத்தான் ஆறு மாசம். வீடு எழுதிக் குடுக்கலேன்னா தேடிக்கிட்டே இருக்கணும். அப்படி எழுதிக்குங்க."

என் பணிக்காலத்தில் எத்தனையோ சட்ட ஆலோசகர்கள் எத்தனையோ திருத்தம் தந்திருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் தந்ததில்லை. எழுதிக்கொண்டேன். ஊர் தலையசைத்தது.

அப்போது இளையவள் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, ரெண்டு பேரும் ஒரே படகுதானே. அவரப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

அக்கா வெளியே ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "சொன்னாரு. காத்துக்கிட்டு இருக்க வேணாம்னு சொல்லச் சொன்னானாம்."

இளையவள் குழந்தையின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அதை அக்கா கேட்டுச் சொன்னாரா, இரங்கிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. அதைச் சரிபார்க்கும் நடைமுறை எதுவும் எனக்குக் கற்றுத்தரப்படவில்லை.

அறிக்கையில் ஒவ்வொரு கருத்துக்கும் எதிரே அதைச் சொன்னவர் யார் என்று குறிக்க வேண்டும். அந்தத் திருத்தத்துக்கு எதிரே "கரையில் இருந்த ஒருவர்" என்று எழுதினேன். மேலிடத்தில் யாரும் கேட்கவில்லை. மேலிடம் கேள்வி கேட்பது பயணப்படியைப் பற்றி மட்டும்தான்.

அறிக்கைகள் போகும் இடம் எனக்குத் தெரியுமாதலால் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகி, அதன் வாசகம் வந்தபோது அந்தப் பிரிவு மாறியிருந்தது. குடும்பத்தின் எழுத்துமூலமான வேண்டுகோள் இருந்தால் மட்டும். பழைய சம்பவங்களுக்கும் பொருந்தும். இளையவள் எழுதிக் கொடுத்தாள், சான்று கிடைத்தது, இப்போது ஊருக்குள் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள்.

போன வாரம் அக்காவிடம் சொல்லிவிட்டு வரலாம் என்று காரைக்கால்மேட்டுக்குப் போனேன். ஏலம் முடிந்திருந்தது. மணலில் கூறு இருந்தது. சுற்றிலும் அதே சுத்தம். அக்காவுக்குத் தலை நன்றாக நரைத்திருந்தது, குரல் மட்டும் நரைக்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே வந்துடுச்சும்மா" என்றேன்.

"நான் எங்க சார் சொன்னேன்? அவருதானே சொன்னாரு. அவருகிட்டயே சொல்லிட்டுப் போங்க." கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்துவிட்டார்.

படித்தவன், பென்ஷன் வாங்குகிறவன், குடையோடு ஒரு மீன் கூறின் முன் நின்றேன். சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை, காகங்களைத் தவிர. பையிலிருந்த தாளை எடுத்து அந்தப் பிரிவை வாசித்தேன், முதலில் முணுமுணுப்பாக, பிறகு கூட்டத்தில் வாசிப்பதுபோலத் தெளிவாக. வாசித்து முடித்ததும் பழக்கதோஷத்தில், "ஆட்சேபணை ஏதும் உண்டா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபின் காத்திருந்தேன். காத்திருக்க வேண்டியது நடைமுறை.

அலை வந்து போனது. மீன்மேல் வெயில் மினுங்கியது. ஆட்சேபணை இல்லை என்று எடுத்துக்கொண்டு தாளை மடித்தேன்.

சாலைக்குப் போக நேர்வழி அந்தக் கூறை ஒட்டித்தான். நடந்து அதைக் கடந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். ஈர மணலில் என் செருப்புத் தடங்கள் நேராகப் போகவில்லை. கூறுக்குப் பக்கத்தில் வந்ததும் ஒதுங்கி, நீட்டிய காலைத் தாண்டாமல், வளைந்து போயிருந்தன.