ஐந்து நாள் அவகாசமும் நான் எழுதிய மனுவும்

1998 நவம்பர், திங்கட்கிழமை. என் குறிப்புப் புத்தகத்தில் அன்றைக்கு இரண்டே வரி: “மாலை ஆறரைக்குக் கடிதம் பார்த்தேன். நாட்டைவிட்டு வெளியேறப் பதினைந்து நாள். நீதிமன்றம் போக ஐந்து நாள்.” ஐந்தைச் சுற்றி வட்டமும் போட்டிருக்கிறேன். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

கடிதத்தைக் கொண்டுவந்தவர் சீசா என்ற பகுதியில் எங்களுக்கு மேல்மாடியில் இருந்த மன்னார்க்காரர். பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு சிஞ்ஞோராவின், இத்தாலிய அம்மாவின், வீட்டில் தோட்ட வேலை. மனைவிக்குப் பெர்மெஸ்ஸோ, இத்தாலிய வதிவிட அனுமதி, இருந்தது, அவருக்கு இல்லை. பிரெஃபெத்தோ, அதாவது மாகாணத்தின் அரசாங்க அதிபர், கையெழுத்திட்ட வெளியேற்ற ஆணை அது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் சட்டம் கதைப்பவன். அமெரிக்காவில் மாநில நீதிமன்றம் எது, கூட்டாட்சி நீதிமன்றம் எது, ஜனாதிபதியின் ஆணையை ஒரு மாவட்ட நீதிபதி எப்படி நிறுத்துவார் என்றெல்லாம் வாசித்ததைச் சொல்லுவேன்.

“அண்ணை, உங்கடை அமெரிக்க நீதவானை இஞ்சை ஒருக்காக் கூப்பிடேலாதோ?” என்றார் அவர், சிரிக்கப் பார்த்துக்கொண்டு.

மனைவி சிரிக்கவில்லை. “பகிடியை விடுங்கோ. அண்ணை, இப்ப கோட்டுக்குப் போறதோ?”

“அது பிறகு. முதல்லை கையெழுத்து வைச்சவரிட்டையே கேப்பம்.”

யாழ்ப்பாணக் கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், அப்படித்தான். அதிபருக்கு மனு எழுதி, பெரிய மனிசர் ஒருவரின் கடிதத்தை இணைத்து, வெளியில் காத்து நிற்போம். அந்தப் பழக்கம் எனக்குள் இருந்தது உண்மை. முழு உண்மை அல்ல. நீதிமன்றம் என்றால் மொழிபெயர்க்க நான் அவரோடு கூடவே நிற்கவேண்டும், என் பெயரும் கேட்பார்கள். என் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் கொடுத்து அப்போது பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் கிடந்தது. இதை அவர்களிடம் நான் சொல்லவில்லை.

செவ்வாய் மனு எழுதினேன். நல்ல மனு, ஒரு திகதிகூடப் பிழையில்லை. புதன் சிஞ்ஞோராவின் கடிதம் கிடைத்தது. வியாழன் இரண்டையும் கொடுத்தோம், வாங்கிக்கொண்டார்கள். வெள்ளி காலை அவர் மனைவி படியில் என்னை மறித்தா.

“இண்டைக்கு நாலாம் நாளெல்லே?”

“ஓம். பதில் வரும், பாப்பம்.”

சனியும் போனது.

அடுத்த கிழமை அவர்களாகவே ஒரு வக்கீலைப் பிடித்தார்கள். மனு கொடுத்தால் ஐந்து நாள் நின்று காத்திருக்காது, ஆணை போடுவது ஒருவர் வேலை, அது சட்டப்படி சரியா என்று பார்ப்பது நீதிபதி வேலை என்று அவர் விளங்கப்படுத்தினாராம். “நீங்கள் ஞாயிறுகளிலை சொன்னதுதான், அண்ணை,” என்றா மனைவி. குத்திக் காட்டினாவா என்று அவவின் முகத்தைப் பார்த்தேன். இல்லை, உண்மையாகவே வியந்தா. அது இன்னும் மோசமாக இருந்தது.

பதினைந்தாம் நாள் அவர் ரயிலேறினார். நிலையத்துக்குப் போனேன். “எங்களுக்காக எவ்வளவு ஓடித் திரிஞ்சியள்,” என்று என் கையைப் பிடித்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். ரயில் புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொண்டேன்.

அதே மாதம், இதேபோன்ற ஆணை ஒன்றை ஐந்து நாளுக்குள் போன ஒருவருக்கு நீதிபதி ரத்துச் செய்தார் என்று ஒரேத்தோ தெருவில் ஒருவர் பிறகு சொன்னார். அந்தத் தீர்ப்பை நான் கண்டதில்லை. விசாரித்துப் பார்க்க நீதிமன்றத்துக்குப் போகவுமில்லை. இது உறுதிசெய்யப்படாத தகவல்.